ஈரப் பஞ்சும் வெள்ளிக்கிழமையும்

"ஏண்டி தனம், இவ எதுக்குடி மறுபடியும் அவன்கிட்டயே போறா?"

பாட்டிலுக்கு மேல் குனிந்தபடி அக்கா கேட்டாள். அவள் கையில் என்னுடைய லென்ஸ். இடது கன்னம் வீங்கி, அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடியிருந்தது. நல்ல கண்ணை லென்ஸோடு ஒட்டவைத்து, தட்டாம்பயறுகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் வண்டை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீடு மதுரையை அடுத்த பரவையில் இருந்தது. முன்பக்கம் அப்பாவின் பலசரக்குக் கடை, நடுவில் சரக்கு அறை, அதற்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த பகுதி. அந்தச் சரக்கு அறையில்தான் உட்கார்ந்திருந்தோம். எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை. மிளகாய் வற்றல் நெடியில் இரண்டு பேருக்கும் மாறி மாறித் தும்மல் வந்துகொண்டிருந்தது.

"அதத்தான்க்கா நானும் இத்தன நாளாக் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன்.

அக்கா சிரித்தாள். கன்னம் வலித்திருக்க வேண்டும். பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

வண்டு வளர்த்த மகள்

இந்தத் தொடரில் விடுதிச் சாம்பாரை நான் போன வாரம் திட்டியிருந்ததைப் படித்துவிட்டு, கூடப் படித்த சிநேகிதி ஒருத்தி போனில் சண்டைக்கு வந்தாள். "சாம்பாரைப் பத்தி ஒரு பக்கம் எழுதத் தெரியுது, அங்க என்ன ஆராய்ச்சி பண்ணினேன்னு நாலு வரி எழுதத் தெரியலையா?" என்றாள். தெரியாமல் இல்லை. அதை எழுதினால் அக்காவையும் எழுத வேண்டும். அதனால்தான் சாம்பார், ரசம், விடுதிக் காவலாளி என்று வாரக் கணக்கில் சுற்றி வந்தேன்.

நான் ஆராய்ந்தது பயறு வண்டு. உங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருக்கும். தட்டாம்பயறின் மேல் சின்னதாக வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது அதன் முட்டை. பயறில் வட்டமாக ஓட்டை விழுந்திருந்தால் உள்ளே தின்று வளர்ந்த வண்டு வெளியே போய்விட்டது என்று அர்த்தம்.

வெளியே வந்த பிறகு அது எதையும் தின்பதில்லை. காய்ந்த பயறு மூட்டைக்குள் குடிக்கத் தண்ணீரும் கிடையாது. சில நாட்களே ஆயுள். அதற்குள் இணை சேர்ந்து, முட்டையிட்டு, செத்துப் போகும்.

இதில் வியப்பு என்னவென்றால், பெண் வண்டுக்கு ஒரு முறை இணை சேர்ந்தாலே இடுகிற முட்டைகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். ஆனால் அவள் திரும்பத் திரும்பச் சேர்கிறாள். அது சும்மா நடக்கிற காரியமும் அல்ல. ஆண் வண்டின் உறுப்பில் முள் இருக்கிறது. அது அவளை உள்ளே கிழிக்கிறது. அவள் பின்னங்கால்களால் அவனை உதைப்பதை லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். அப்படி உதைத்துத் தள்ளியவளே மறுபடியும் போகிறாள். ஏன்?

எனக்கு வழிகாட்டிய பேராசிரியர் நல்ல மனிதர். ஆனால் பெண்பிள்ளைகளுக்கு முன்னால் 'இணை சேர்தல்' என்ற சொல் அவர் வாயில் வராது. "அந்த நிகழ்ச்சி எத்தனை தடவை நடந்ததும்மா?" என்று சன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்பார். ஏதோ கோயில் விசேஷத்தைப் பற்றிக் கேட்கிற மாதிரி இருக்கும்.

அந்தக் கோடையில் ஏதோ வேலைநிறுத்தம் என்று கல்லூரியை மூடிவிட்டார்கள். கல்லூரி திறக்கிறவரை வண்டு உயிரோடு காத்திருக்காது. ஊறுகாய் பாட்டில்களின் வாயில் மல்லுத்துணியைக் கட்டி, ஒயர்க்கூடைகளில் அடுக்கி, டவுன் பஸ்ஸில் வீட்டுக்கே கொண்டு வந்தேன். "பயறு நல்லாருக்கே, எந்தக் கடைம்மா?" என்று குனிந்து பார்த்த கண்டக்டர், உள்ளே ஊர்வதைக் கண்டதும் டிக்கெட் கொடுக்காமலே இரண்டு சீட் தள்ளிப் போனார்.

அப்பாவுக்குத் தலையே சுற்றிவிட்டது. "ஊரெல்லாம் வண்டு விழக்கூடாதுன்னு கும்புடுறேன். எம் மக என்னடான்னா அத வளத்து எங் கடைக்கே கொண்டாந்துருக்கா!" என்று வாடிக்கையாளர்களிடம் அலுத்துக்கொண்டார். அலுப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சரக்கு அறையில் ஒரு மூலையை எனக்கு ஒதுக்கினார். அங்கிருந்த பயறு மூட்டைகளையெல்லாம் அன்றைக்கே முன்பக்கம் மாற்றினார்.

ஆசை என்று சொன்னவர்கள்

பூச்சி உலகத்தில் இந்தக் கேள்வி பயறு வண்டோடு முடிவதில்லை. ராணித் தேனீ கூட்டை விட்டுப் பறந்து போய்ப் பல ஆண்களோடு சேர்ந்துவிட்டுத் திரும்பும். போகிற வழியில் குருவி கொத்தினால் கூட்டின் கதி அதோகதி. ஆனாலும் போகிறது. சில பூச்சிகளில் ஆண் வரும்போதே தின்ன எதையாவது கொண்டு வருவான். சிலவற்றில் மல்லுக்கட்டிச் சாவதைவிட இணங்கிப் போவது மேல் என்று பெண் விட்டுக்கொடுக்கிறாள். முதல் ஆண் சோடையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று முன்ஜாக்கிரதையாகச் சேர்வதும் உண்டு. பூச்சிக்குப் பூச்சி காரணம் வேறு.

எங்கள் துறையில் இன்னொரு ஆசிரியர் இருந்தார். அவருக்கு இவ்வளவு சிரமமெல்லாம் கிடையாது. "பெண் வண்டுக்கு ஆசை ஜாஸ்தி, அம்புட்டுதான். இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். மற்ற ஆண்களும் சிரிப்பார்கள். நான் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருப்பேன். எனக்குச் சிரிப்பு வராது.

ஏனென்றால் இதே பேச்சை நான் எங்கள் தெருவிலும் கேட்டிருக்கிறேன். அங்கே பேச்சு அக்காவைப் பற்றி. "அம்புட்டு அடி வாங்கிட்டும் அவன்கிட்டதான போறா? அவளுக்கு அவன் மேல ஆச விடல" என்பார்கள். கொஞ்சம் நல்லவர்கள், "ரோசமில்லாத பொண்ணு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

வியாழக்கிழமை வருகிறவள்

அக்காவின் பெயர் பாண்டியம்மாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். கொட்டாம்பட்டிப் பக்கத்தில் நிலமும் கிணறும் உள்ள வீடு என்று விசாரித்துத்தான் கொடுத்தார்கள். நிலம் இருந்தது, கிணறும் இருந்தது. மச்சானுக்குக் குடியும் இருந்தது. குடித்தால் கை நீளும். குழந்தை பிறக்கவில்லை என்பது அவருக்கு நல்ல சாக்காகிவிட்டது.

சில மாதங்களுக்கு ஒரு முறை அக்கா துணிப்பையோடு வந்து நிற்பாள். வாசலில் செருப்பை விட்டதும் ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடிப்பாள். அம்மா எதுவும் கேட்காமல் மஞ்சள் பத்து அரைக்கப் போவாள். அப்பா கடையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வா தாயி" என்பார். பிறகு எடை போடுவதில் மும்முரமாகிவிடுவார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை மகளை வீட்டை விட்டு அனுப்ப மாட்டார்கள். அனுப்பினால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடுமாம். சனிக்கிழமை நல்ல காரியத்துக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம், அப்பாவால் நகர முடியாது. ஆக, திங்கட்கிழமைதான் அக்காவைக் கொட்டாம்பட்டிக்குக் கொண்டுபோய் விடுவார். அன்றைக்கு அஷ்டமி கிஷ்டமி வந்து தொலைத்தால் புதன்கிழமைவரை தள்ளிப் போகும்.

அக்கா எப்போதும் வியாழக்கிழமை சாயங்காலம்தான் வந்தாள். கன்னத்து வீக்கம் சில சமயம் பழுத்து மஞ்சளாகியிருக்கும், அடி விழுந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. எங்களுக்கு அது தற்செயல்.

இருக்கிற அந்த நாட்களில் அவள் ஓயவே மாட்டாள். கடைக்குத் துவரை புடைப்பாள், புளி கொட்டை எடுப்பாள், அப்பாவின் வேட்டியை நீலம் போட்டு வெளுப்பாள். வந்த வீட்டில் இப்படியா வேலை செய்வது என்று அம்மா அதட்டுவாள். "இருக்கட்டும்மா" என்பாள் அக்கா.

ஈரப் பஞ்சு

அந்தக் கோடையில் வந்தபோது அவளுக்குப் புது வேலை கிடைத்தது. என் பாட்டில்கள்.

ஒரு முறை இணை சேர்ந்த பெண் வண்டுகளை இரண்டு பிரிவாகப் பிரித்து வைத்திருந்தேன். ஒரு பிரிவுக்குப் பாட்டிலில் ஈரப் பஞ்சு உண்டு. இன்னொன்றுக்குக் கிடையாது, வெறும் பயறுதான். பிறகு இரண்டிலும் ஆண் வண்டை விட்டுப் பார்க்க வேண்டும். பஞ்சு அதிகம் நனைந்தால் பயறு பூசணம் பிடிக்கும், காய்ந்தால் சோதனை கெடும். அடிக்கடி மாற்ற வேண்டும். அந்த வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள்.

வண்டு அந்தப் பஞ்சில் வாயை வைத்து நிற்பதை முதலில் பார்த்தவளும் அவள்தான். "குடிக்குதுடி!" என்று கத்தினாள். என்னமோ பச்சைப் பிள்ளை முதன்முதலில் பால் குடித்த மாதிரி அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினாள். அம்மா, "அடுப்புல கொழம்பு கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வாக்கில் எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பஞ்சு இருந்த பாட்டில்களில் ஆண் வண்டு நெருங்கினாலே பெண் உதைத்தாள், ஓடினாள், பயறுக்கு அடியில் போய்ப் புகுந்தாள். பஞ்சில்லாத பாட்டில்களில் அதே போன்ற பெண்கள் நின்று கொடுத்தார்கள்.

இணை சேரும்போது ஆண் தருகிற திரவத்தில் ஈரம் இருக்கிறது. காய்ந்த பயறுக்குள் அவளுக்குக் கிடைக்கக்கூடிய ஈரம் அது ஒன்றுதான். முள் கிழித்தாலும் அதற்காகத்தான் போகிறாள். எல்லாப் பெண் பூச்சிகளுக்கும் இதுதான் விடை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாட்டில்களில் அன்றைக்கு நாங்கள் கண்டது இதுதான். அதுவரை எல்லோரும் வண்டிடமே குறை தேடிக்கொண்டிருந்தோம், பாட்டில் எவ்வளவு காய்ந்து கிடந்தது என்று பார்க்கவில்லை.

அக்காவிடம் இதை எளிமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் ஈரப் பஞ்சுப் பாட்டில் ஒன்றைத் தொட்டாள்.

"இந்தப் பஞ்சு காஞ்சு போச்சுன்னா?"

"திரும்பவும் போவாக்கா."

"காய விட்டுராதடி" என்றாள்.

அதோடு எழுந்து புளிக்கொட்டை எடுக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை

அம்மா வழக்கப்படி பை கட்டிக்கொண்டிருந்தாள். பருப்பு, கருப்பட்டி, கொஞ்சம் முறுக்கு, மச்சானுக்கு ஒரு துண்டு. மகளை அடித்தவனுக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பதும் எங்கள் வழக்கம்தான். அப்பா சட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா குளிக்கவில்லை. சேலை மாற்றவில்லை. சரக்கு அறை வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"நான் போகலப்பா" என்றாள்.

அப்பா காதில் விழாதவர் போல, "பஸ்சுக்கு நேரமாச்சு தாயி" என்றார்.

"கடைக்குப் புடைக்க, சலிக்க ஆளு தேடுறீகள்ல? நான் இருக்கேன். சோறு மட்டும் போடுங்க. இந்த ரூமுல படுத்துக்கிறேன்."

அக்கா தனக்காக எதையாவது கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவள் கேட்டது மிளகாய் நெடி அடிக்கிற ஓர் அறை.

அப்பா முறத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"தங்கச்சிக்கு வரன் பாக்கணும்ல தாயி. வாழாவெட்டியா நீ இங்க இருந்தா எவன் வாசப்படி ஏறுவான்?"

"எனக்கு வரனும் வேணாம், ஒண்ணும் வேணாம். அக்கா இருக்கட்டும்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். அம்மா என் தோளில் ஓர் அடி வைத்தாள். "வாயக் கழுவு! நல்ல நாளும் அதுவுமா என்னா பேச்சு இது?"

அப்பா அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. எழுத எழுத அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது அவருக்கு.

"ஒரு வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு ஆத்தா. இவள ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துட்டேன்னா, மறுநாளே நான் வந்து உன்னக் கூட்டியாந்துருவேன். அப்பா சொன்னாச் செய்வேன்."

அக்கா கொஞ்ச நேரம் முறத்தில் விரலால் கோடு போட்டாள். பிறகு எழுந்து குளிக்கப் போனாள்.

போகிற போது என் பாட்டில்களை ஒரு முறை பார்த்தாள். "பஞ்சு மாத்திட்டேன். மதியத்துக்கு நீ பாத்துக்க" என்றாள்.

வந்து பார்த்தவர்கள்

வரன்கள் வந்தன. சோழவந்தானிலிருந்து வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளை என் காதளவுதான் இருந்தார். பக்கத்தில் என்னை நிறுத்திப் பார்த்த அவருடைய அத்தை, "பொண்ணு ரொம்ப வளத்திதான்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். இன்னொரு வீட்டில் என் படிப்பு அதிகம் என்றார்கள். வேறொரு வீட்டில் வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள், அங்கே நானே மாட்டேன் என்றேன். ஒரு வீட்டுக்கு என் நட்சத்திரம் பிடிக்கவில்லை.

இத்தனை பேரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொஜ்ஜி தின்றார்கள். ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, மூத்த பெண் எங்கே, எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. யார் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து அக்காவைத் திருப்பி அனுப்பினோமோ, அவர்களுக்கு அக்கா என்று ஒருத்தி இருப்பதே பெரிய விஷயமாகப் படவில்லை.

அப்பா சொன்ன ஒரு வருசம் ஓடியது. அடுத்த வருசமும் ஓடியது. அக்கா வழக்கம்போல வியாழக்கிழமைகளில் வந்தாள். திங்கட்கிழமைகளில் போனாள். இருக்கிறேன் என்று அவள் மறுபடி கேட்கவில்லை. அப்பாவும் ஒவ்வொரு முறையும், "இந்தத் தையில முடிஞ்சிரும் தாயி" என்பார்.

எந்தத் தையிலும் முடியவில்லை. என் கல்யாணம் நடக்கவே இல்லை. அப்பா ஒரு மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. அக்காவைக் கூட்டிவர அவர் கொட்டாம்பட்டிக்குப் போகவும் இல்லை.

என் ஆராய்ச்சிக்குப் பட்டம் கிடைத்தது. ஈரப் பஞ்சுச் சோதனையைத் தேர்வாளர் பாராட்டினார். பஞ்சு மாற்றியவள் கொட்டாம்பட்டியில் இருந்தாள்.

அரசரடி வீடு

எண்பதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தேன். கடையை விட்டுவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு அரசரடியில் வாடகைக்குக் குடிவந்தேன். பார்த்துப் பார்த்து இரண்டு அறை உள்ள வீடாகப் பிடித்தேன். சன்னல் இருந்த அறையை அக்காவுக்கென்று ஒழித்து வைத்து, கட்டிலும் வாங்கிப் போட்டேன்.

நானே கொட்டாம்பட்டிக்குப் போய் அழைத்தேன். "வந்துருக்கா. இனிமே யாரு என்ன சொல்றதுக்கு இருக்கா?"

அக்கா வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலைக் காட்டினாள். மச்சான் படுத்திருந்தார். ஒரு பக்கம் கை காலெல்லாம் விழுந்து, வாய் கோணியிருந்தது. என்னைப் பார்த்து என்னமோ சொல்ல முயன்றார். அக்கா எழுந்து போய் அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, வாயில் கரண்டியால் தண்ணீர் விட்டாள். பாதி வழிந்தது. முந்தானையால் துடைத்தாள்.

"இவரப் போட்டுட்டு எங்கிட்டுடி வாரது?" என்றாள்.

"உன்ன என்னா பாடு படுத்துனாருக்கா!"

"படுத்துனாருதான். கூட்டியாரேன்னு சொன்னப்ப கூட்டியாந்திருந்தா வந்திருப்பேன். இப்ப என்னத்துக்கு?" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகும் எப்போதாவது வந்தாள். பக்கத்து வீட்டில் மச்சானை ஒரு ராத்திரிக்குப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை சாயங்காலம்தான் வருவாள். கால் பழகிப்போயிருந்தது போலும். செருப்பை விட்டதும் ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பாள். சன்னல் அறைக் கட்டிலில் அசந்து தூங்குவாள். விடிந்ததும் பையை எடுத்துவிடுவாள்.

முதல் தடவை அப்படிக் கிளம்பியபோது அம்மா பதறிப்போனாள். அவளுக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள்.

"ஏத்தா, இன்னைக்கு வெள்ளிக்கிழமடி! வெள்ளிக்கிழம மகள அனுப்பக் கூடாதுடி. இருந்துட்டுத் திங்கக்கிழம போ."

அக்கா குனிந்து செருப்பை மாட்டினாள். நிமிர்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்குத்தானம்மா அம்புட்டு வருசமும் வியாழக்கிழம பாத்து வந்தேன். நீங்க அனுப்புறதுக்குத்தான் நாளு கெழம. நானாப் போறதுக்கு எதுக்கும்மா?"

அம்மாவுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. பிடித்த கையை விடாமல் நின்றாள். அக்காதான் மெதுவாக விரல்களை விலக்கிவிட்டு, "வாரேன் தனம்" என்றாள். கொட்டாம்பட்டி வழியாகப் போகிற திருச்சி பஸ் பிடிக்க வேண்டும் என்று வேகமாகத் தெருவில் இறங்கிப் போனாள்.